ஆள் புகாத கோயில்

"எல்லாரும் புகழுதாங்க டீச்சர். ஒருத்தனும் உள்ள போக மாட்டேங்கான்."

இதைச் சொல்லிவிட்டு ஞானசிகாமணி மூச்சு வாங்கினார். மாடிப்படி ஏறிய மூச்சு பாதி, மனத்தாங்கல் பாதி.

அவர் டீச்சர் என்று அழைத்த பியூலா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. பாளையங்கோட்டையில் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் தொழில். வயது முப்பதைத் தாண்டியிருக்காது.

அவள் பட்டறைக்கு மேலே ஓர் அறை. அதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம் நடக்கும். பெரிய மேசை, மேசை முழுக்க இடிந்துபோன ஒரு பழைய ஐரோப்பியக் கோதிக் பாணி நகரம். கூர்வளைவு ஜன்னல்களும் முட்டுச்சுவர்களும் பாதி நிற்கிற கோபுரங்களும், எல்லாமே ஃபோம், அட்டை, ஐஸ் குச்சி. கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை இரண்டு கட்சியும் அந்த நகரத்துக்குள் டேப் வைத்து அளந்து நகர்த்துவார்கள். பகடையை உருட்டிச் சுடுவார்கள்.

அந்தக் கட்டடங்களைக் கட்டியவள் பியூலா. அதனால் வந்து போகிற எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். அவள் அப்பா வயதை எட்டிக்கொண்டிருந்த ஞானசிகாமணிக்கும் டீச்சர்தான்.

அவர் கல்யாண போட்டோகிராபர். மணப்பெண் முகத்தில் ஒரு பரு தங்காது, மாப்பிள்ளை நெற்றியில் ஒரு தழும்பு தங்காது. அத்தனையும் துடைத்து ஆல்பம் போடுகிற கை அது.

அந்தக் கை முதன்முதலாக ஒரு கோயில் கட்டியிருந்தது. ஊரில் உள்ள ஊசிக்கோபுரம் என்கிற கிறிஸ்தவ ஆலயத்தை நாலு பக்கமும் நின்று படம் எடுத்து, பார்த்துப் பார்த்துக் கட்டியது. பழைய கலர் பிலிம் சுருளை நறுக்கி ஜன்னலுக்கு வைத்திருந்தார். வெயில் பட்டால் உள்ளே சிவப்பும் நீலமும் விழும்.

மேசையின் நட்டநடுவில் அதை வைத்தார்கள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் தங்கள் சிப்பாய்களை அதைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஞானசிகாமணிக்கு அது பொறுக்கவில்லை. எத்தனையோ கல்யாண வீடுகளில் நின்றிருக்கிறார். ஒரு வீட்டுக்காவது கல்யாணத்துக்கு வந்த ஆளாகப் போனதில்லை. எல்லாரும் கூடிச் சிரிக்கிற இடத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பதுதான் அவர் பிழைப்பு. தன் கையால் ஆன ஒன்று நாலு பேருக்கு நடுவில் புழங்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்த ஆசையை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"என்ன குறைன்னு சொல்லுங்க டீச்சர்."

பியூலா ஒரு பொய்ப்பல்லை அரம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சிப்பாயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இவனைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் கூட்டிக்கொண்டு போனார்.

சிப்பாய் வாசலோடு நின்றுவிட்டான். ஆள் ஒல்லிதான். ஆனால் அவன் சாயாமல் நிற்பதற்குக் காலடியில் ஒரு வட்டத் தட்டு உண்டு. ஞானசிகாமணி ஆளை அளந்து வாசல் வைத்திருந்தார், தட்டை அளக்கவில்லை.

"வாசல் சின்னதுன்னு முதல்லயே நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"நான் இப்பவும் சொல்லலையே. அவன்தான சொன்னான்."

அடுத்த வாரம் அவர் படியேறும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"வாசலை அறுத்து அகலமாக்கிட்டேன் டீச்சர். கூர்வளைவு போச்சு. போனாப் போவுது. இப்பம் தாராளமா உள்ள போறான்."

"சரி. அவனை வெளிய எடுங்க."

ஞானசிகாமணி வாசலுக்குள் இரண்டு விரலை விட்டார். எட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிப்பாய் பீடத்துக்குப் பக்கத்தில் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தான். கோயிலைத் தூக்கிக் கவிழ்த்து மெல்ல ஆட்டினார். உள்ளே கடகடவென்று உருண்டான், வெளியே வரவில்லை.

"ஜெபம் பண்ணிட்டு இருப்பான், விடுங்க" என்றாள் பியூலா.

கூரையை அவர் அசையாமல் ஒட்டியிருந்தார். ஓடு ஓடாக அட்டையில் வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டிய கூரை. அதைப் பெயர்த்து, மூடி மாதிரி தூக்கி வைக்கும்படி செய்தார். பெயர்க்கும்போது அவருக்குத்தான் வலித்தது.

பியூலா மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். ஐஸ் குச்சியில் செய்த பெஞ்சுகள் வரிசை வரிசையாக இருந்தன. பெஞ்சுக்குப் பெஞ்சு அரிசி மணி அளவுக்குப் பாட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

"ஆராதனை நடக்கா அண்ணாச்சி?"

"இல்லையே."

"ஆட்டம் நடக்கணுமா?"

அவர் வீட்டுக்குப் போய் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார்.

அவர் மனைவி எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "பல்லுதான் செய்வாள்னு சொன்னிய. உங்க மூஞ்சியைப் பாத்தா பிடுங்கவும் செய்வா போலிருக்கே."

இப்போது வாசல் அகலம், கூரை திறக்கும், தரை சமம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் களைகட்டியது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிற சுடலைமணி ஒரு பக்கம், மருந்துக்கடை இம்மானுவேல் இன்னொரு பக்கம். கோயிலைப் பிடிப்பவருக்கு அன்றைய வெற்றி என்று பேச்சு.

ஞானசிகாமணி கோயிலுக்கு நேராக நின்றுகொண்டார். தூசி தட்ட ஒரு கையில் பிரஷ், வேர்வை துடைக்க இன்னொரு கையில் துண்டு.

சுடலைமணி சிப்பாயை வாசல் பக்கம் நகர்த்தினான்.

"மெதுவா, மெதுவா."

சுடலைமணி கையை இழுத்துக்கொண்டான்.

இம்மானுவேல் கூரையைத் தூக்கக் கையை நீட்டினான்.

"இருங்க, இருங்க. நான் தூக்குதேன். அதுல ஒரு பக்குவம் இருக்கு." அவர் தூக்கினார். தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார், கீழே வைக்க மனம் வரவில்லை.

இம்மானுவேல் அவர் முகத்தைப் பார்த்தான், கோயிலைப் பார்த்தான். "பரவால்ல அண்ணாச்சி, மூடிருங்க. நான் பாலத்துப் பக்கமா சுத்திப் போறேன்" என்றான்.

கோயிலைப் பிடிக்க வந்த இரண்டு படையும் மேசையின் இரண்டு ஓரத்தில் போய் அடித்துக்கொண்டன. கோயில் நடுவில் தேமேயென்று நின்றது. அந்தப் பிரஷ்ஷின் புண்ணியத்தில் அதன்மேல் தூசி மட்டும் ஒட்டவேயில்லை.

எல்லாரும் போன பிறகு ஞானசிகாமணி பொங்கிவிட்டார்.

"வாசலைப் பெருசாக்கச் சொன்னிய, ஆக்கினேன். கூரையைப் பேத்தேன். பெஞ்செல்லாம் பிடுங்கிட்டேன். இன்னும் என்ன செய்யணும் டீச்சர்?"

பியூலா சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் விடவில்லை.

"கண்ணாடிக்காரன் வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டான். அடுத்த வாரமும் இப்படித்தான்னா, கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டு என் ஸ்டூடியோ முகப்புல வச்சிருவேன். இனிமே நான் ஒண்ணும் கட்ட மாட்டேன். சத்தியமாச் சொல்லுதேன்."

குரல் உடைந்துவிட்டது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

"அடுத்த வாரம் வாங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் வந்தார். அதே சுடலைமணி, அதே இம்மானுவேல். மேசை நடுவில் கோயில். ஞானசிகாமணி தன் இடத்தில் போய் நின்று பிரஷ்ஷை எடுத்தார்.

பியூலா ஒரு பிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தாள்.

"டீ வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி."

"இப்பமா? ஆட்டம் ஆரம்பிக்கப் போறாங்களே!"

"ஆமா. சமாதானபுரத்துக் கடையில வாங்குங்க. நடந்தே போங்க."

"கீழேயே கடை இருக்குல்லா?"

"அது நல்லா இருக்காது."

குறை என்னவென்று கேட்ட மனுஷனை டீ வாங்க அனுப்புகிறாளே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகிவிட்ட வாய். பிரஷ்ஷை மேசை ஓரத்தில் வைத்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

வெயில் கொளுத்தியது. போகிற வழியெல்லாம் கோயில்தான் கண்ணில் நின்றது. கூரையை இப்போது யார் தூக்குகிறான்? ஓரத்தைப் பிடித்துத் தூக்கணும், நடுவில் பிடித்தால் ஓடு உதிரும். சொல்லாமல் வந்துவிட்டோமே! கடையில் கூட்டம். டீ மாஸ்டர் ஆற அமர ஆற்றினார். ஞானசிகாமணி கால் மாற்றி மாற்றி நின்றார். பிளாஸ்க் நிறைந்ததும் ஏறக்குறைய ஓட்டமாகவே திரும்பினார்.

பாதிப் படி ஏறும்போது மேலே சிரிப்புக் கேட்டது.

அறையே அதிர்கிற சிரிப்பு. "ஏல, பீடத்துல ஏறிட்டாம்ல!" என்று சுடலைமணி கத்துகிறான். "ஏறுவான், ஏறுவான். ஜன்னல் வழியா நான் சுடுதேன் பாரு" என்று இம்மானுவேல். பகடை உருள்கிறது. மறுபடியும் சிரிப்பு.

ஞானசிகாமணி படியிலேயே நின்றுவிட்டார். இத்தனை வாரமாக வருகிறார். இந்த அறையில் இப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதேயில்லை.

பொடுக்கென்று ஒரு சத்தம்.

என்ன சத்தம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாம். கோபுரத்தின் உச்சி. மூங்கில் குச்சியில் ஃபோமைச் செருகி, பிளேடால் சீவிச் சீவிக் கூர் எடுத்த உச்சி.

சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சிட்ட யாருல சொல்ல?" என்றான் சுடலைமணி, தணிந்த குரலில்.

யாரும் பேசவில்லை. நாற்காலிகூட நகரவில்லை.

இந்த அமைதி ஞானசிகாமணிக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கேட்டது இதைத்தான். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் மிச்சப் படிகளை ஏறிக் கதவைத் தள்ளினார்.

கூரை மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தது. ஒரு ஜன்னலின் கலர் பிலிம் பிய்ந்து தொங்கியது. உள்ளே சிப்பாய் நிற்காத இடமில்லை. வாசலில், தரையில், பீடத்தின் மேல், ஜன்னல் விளிம்பில் ஒருத்தன் ஒற்றைக்காலில். உடைந்த கோபுரத்தில் வெள்ளை ஃபோம் தெரிந்தது.

பிள்ளைகுட்டிக்காரனான சுடலைமணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"தெரியாம முழங்கை பட்டுட்டு அண்ணாச்சி. நானே ஒட்டித் தந்திருதேன்."

"தா."

சுடலைமணி உடைந்த உச்சியைக் கொடுத்தான். ஞானசிகாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. பியூலா அவரிடமிருந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

அவர் குனிந்தார். படம் எடுக்கிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடி, மேசை மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, கோயிலுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கையை உள்ளே விட்டு, உடைந்த உச்சியை வாசலுக்கும் பீடத்துக்கும் நடுவே குறுக்காகப் போட்டார். விரலால் கொஞ்சம் நகர்த்தி விட்டார்.

"சுடலை, இதுக்குப் பின்னால ஒரு ஆளு பதுங்கலாம்லா?"

சுடலைமணி தயங்கித் தயங்கிக் குனிந்து பார்த்தான்.

"ரெண்டு ஆளு பதுங்கலாம் அண்ணாச்சி."