சொன்னாதான் காய் நகரும்

“ஏன் மேடம் வாயே தொறக்காம ஆடிக்கிட்டே இருக்கீங்க?”ன்னு கேட்டேன்.

கேட்டேன்னு சொல்றது மரியாதைக்கு. சண்டைக்குத்தான் போனேன். பேச்சுப் பயிற்சி படிக்கிறேன், கடைசி வருஷம். ஆஸ்பத்திரியில சகாயமேரி மேடம்கிட்ட வேலை பழக விட்டிருந்தாங்க. மேடம் என்னடான்னா கனிஷ்காகூட தரையில உக்காந்து பாம்பு ஏணி ஆடுறாங்க. தினமும் அதேதான். ஒரு கேள்வி கிடையாது. ‘நல்லா ஆடுற’ன்னு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

கனிஷ்காவுக்கு ஆறு வயசு. வீட்டுல அம்மாகிட்ட வாய் ஓயாம பேசுவாளாம். அப்பா உள்ள வந்தா நிறுத்திருவாளாம். வெளியில யாருகிட்டயும் பேச்சே கிடையாது.

அவ அப்பா பால்சாமி, லோடு ஆட்டோ ஓட்டுறவரு. அன்னிக்கு வாசல்ல நின்னு மேடம்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. “மலையடிவாரத்துல ஒருத்தரு இருக்காராம். நாக்குல சூடு வச்சா பேச்சு வந்துருமாம். நாளைக்கும் இவ வாயத் தொறக்கலேன்னா அங்கதான் கூட்டிட்டுப் போறேன்.”

அது தப்புன்னு மேடம் எடுத்துச் சொன்னாங்க. “நீங்க ஆடுனா மட்டும் வந்துருச்சா?”ன்னு கேட்டாரு.

அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. அதான் அவரு போனதும் நான் ஆரம்பிச்சேன்.

“கேட்டாத்தான மேடம் பதில் வரும்? ஊமையா உக்காந்து ஆடுறதுக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு? வார்டு ஆயாவே ஆடிட்டுப் போயிருவாங்களே.”

மேடம் கோவப்படல. “சரி இந்துஜா. நாளைக்கு நீ ஆடு.”

மறுநாள் பால்சாமி தோள்ல பையோட வந்தாரு. பையில துண்டு, தண்ணி பாட்டிலு. “இங்கருந்து நேரா பஸ் ஸ்டாண்டு”ன்னாரு.

கனிஷ்கா முன்னாடி அட்டைய விரிச்சு, நேத்து விட்ட எடத்துலயே அவ காய், மேடம் காய் ரெண்டையும் வச்சேன்.

“இன்னிக்கு ஒரு புது விதி, கனிக்குட்டி. என்ன விழுந்துச்சுன்னு சொல்லணும். சொன்னாதான் காய் நகரும்.”

டைஸ உருட்டுனா. நாலு.

“என்ன விழுந்துருக்கு?”

அவ அட்டையவே பாத்தா.

“நாலு. சொல்லு பாப்போம். நா...”

ஒண்ணும் வரல. பின்னாடி அவ அப்பா பை வாரை முறுக்குற சத்தம் கேட்டுச்சு.

“ஒரே ஒரு தடவடா. அக்காவுக்காக.” என் குரல் ஏறுறது எனக்கே தெரியுது. நிறுத்த முடியல. “சொல்லு கனிஷ்கா. சொல்லு.”

அவ டைஸ எடுத்து வாயில போட்டு உதட்ட இறுக்கி மூடிக்கிட்டா.

தொண்டையில சிக்கிருச்சுன்னா? பால்சாமி கைய ஓங்கிக்கிட்டு ஓடி வந்தாரு. “துப்புடி. துப்புடிங்கிறேன்ல.” அவ தொண்டை ஏறி எறங்குச்சு.

ஓரமா நின்ன மேடம் வந்து அவரு கையப் புடிச்சாங்க. “தொடாதீங்க. மெரண்டா விழுங்கிருவா.”

அப்புறம் மெதுவா உக்காந்தாங்க. புள்ள மூஞ்சியப் பாக்கவே இல்ல. தன் காயப் பாத்தாங்க. “பாம்புகிட்ட வந்து நிக்கிறேன் பாரு. அடுத்து என் ஆட்டம்.” உள்ளங்கைய விரிச்சு அட்டை மேல வச்சாங்க. வச்சது வச்சபடி இருந்துச்சு.

ஃபேன் ஓடுற சத்தம். வெளிய யாரோ டோக்கன் நம்பர் கூப்புடுறாங்க.

கனிஷ்கா வாயத் தொறந்து டைஸ எடுத்தா. மேடம் கையில வச்சா.

மேடம் எச்சியக்கூடத் தொடைக்கல. அப்படியே உருட்டுனாங்க. பாம்பு கடிச்சு கீழ வந்தாங்க.

பால்சாமிக்கு வேர்த்து ஊத்துது. “கடைசி வரைக்கும் பேசலேல்ல. எந்திரிடி, கெளம்பு.”

“ஒரு தடவ நீங்களும் உருட்டிட்டுப் போங்க”ன்னாங்க மேடம்.

“எனக்கு எதுக்குங்க இந்த வெளையாட்டெல்லாம்.”

“ஒரு தடவதான்.”

குத்துக்கால் வச்சு உக்காந்து உருட்டுனாரு. மூணு. அட்டைக்கு வெளிய கெடந்த ஒரு காய எடுக்கப் போனாரு.

“இருங்க. இன்னிக்கு விதி வேற. சொன்னாதான் நகரும். உங்களுக்கு நம்பர் வேணாம். இவள எங்க கூட்டிட்டுப் போறீங்க, அங்க என்ன செய்வாங்க. அத இவகிட்டயே சொல்லுங்க.”

அவரு மகளப் பாத்தாரு. அவ அவரத்தான் பாத்துக்கிட்டிருந்தா. வாயத் தொறந்தாரு. மூடுனாரு. மறுபடி தொறந்தாரு.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், மறைக்கல. “சொல்லுங்க சார். ஒரே ஒரு தடவ. சொல்லுங்க.”

கனிஷ்கா கைய நீட்டி அவரு காயத் தொட்டா. ஒவ்வொரு கட்டமா நகட்டி மூணாவதுல வச்சா.

“அது செல்லாது, அவரு இன்னும்...”ன்னு ஆரம்பிச்சேன்.

மேடம் என் மணிக்கட்டப் புடிச்சு அழுத்துனாங்க. அவங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.

பால்சாமி அந்தக் காயவே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு. “வா. வீட்டுக்குப் போவோம்.” கனிஷ்கா அவரு கையப் புடிக்கல. பை வாரப் புடிச்சுக்கிட்டுப் போனா.

அவங்க படி எறங்குற வரைக்கும் பொறுத்தேன்.

“வீட்டுக்குத்தான் போவாரா மேடம்?”

“தெரியல.”

“பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா?”

“குழந்தைங்க பாதுகாப்பு ஆபீசுக்கு நேத்தே சொல்லிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அவரு வீட்டுக்குப் போறாங்க.”

“சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஆயிட்டா?”

மேடம் அட்டைய மடிச்சாங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

“உங்களுக்குப் பயமே வராதா மேடம்? எப்படி இத்தன நாளா வாயே தொறக்காம உக்காந்து ஆடுறீங்க?”

“பயம் இருக்கு இந்துஜா. வாயத் தொறந்தா அது அவளுக்குக் கேட்டுரும்.”