கல்லறை வாசலில் கஞ்சி

மதுரம், ஆசிரமத்துக்கு வருவதற்கு முன்பு நகரத்தில் வக்கீலாக இருந்தவர். குருவான எப்சிபா அம்மாளைவிட வயதில் மூத்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாலும் வாதாடும் வழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அன்று உச்சி வெயிலில் ஊருக்குள்ளிருந்து திரும்பினார். செருப்பைக் கழற்றி உதறினார். ஒன்று வேப்பமரத்தடி வரை போய் விழுந்தது.

"இனிமே என்னை அனுப்பாதீங்கம்மா. அதுங்க மனுஷங்களே இல்லை."

எப்சிபா அம்மாள் சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அடக்கம் ஆச்சா?"

"எங்க ஆச்சு? பந்தல்லயே கிடக்கு."

அந்த ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெருக்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்று, கல்லறைத் தோட்டமும் ஒன்று. தோட்டத்துக்குப் போகும் பாதை கீழத்தெரு வழியாகப் போகிறது; அதில் ஓர் இரும்புக் கதவு உண்டு. முந்தின நாள் மேலத்தெரு தாசனின் தாய் சாராபாய் இறந்துபோனார். கீழத்தெருப் பெரியவர் ஞானாபரணம் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

காரணம் இருந்தது. போன வருஷம் ஞானாபரணத்தின் அப்பாவை எடுத்த அன்று தாசனுக்குக் கல்யாணம். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியும் தாசன் நிறுத்தவில்லை. சினிமாப் பாட்டுக்கு நடுவில்தான் அந்தக் கிழவரைக் குழியில் இறக்கினார்கள்.

"போய் என்ன சொன்னீங்க?" என்றார் அம்மாள்.

"சட்டத்தைச் சொன்னேன். கல்லறைக்குப் போற வழியை மறிக்க யாருக்கும் உரிமை கிடையாது, போலீஸ் வந்தா பூட்டு உடையும்னு ஞானாபரணத்துக்கிட்டச் சொன்னேன். வரட்டும், எங்க பிள்ளைகளும் கம்போட நிப்பாங்கன்னாரு. நிக்கவும் வச்சுட்டாரு. சரின்னு தாசன்கிட்டப் போய், அன்னிக்கு நீ செஞ்சது தப்பு, ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுருன்னேன். முதல்ல பூட்டைத் திறக்கட்டும்ங்கிறான். திரும்ப அங்க போனா, முதல்ல மன்னிப்பு கேக்கட்டும்ங்கிறாரு. அலைஞ்சு அலைஞ்சு என் கால் போனதுதான் மிச்சம்."

அம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது மதுரத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"போன வாரம் பைபிள்ல வர்ற அபிகாயில் கதை சொன்னீங்க. நாபால் தாவீதோட ஆளுங்களை அவமானப்படுத்தி அனுப்புறான். தாவீது நானூறு பேரோட கத்தி எடுத்துக்கிட்டு வர்றான். நாபாலோட பெண்டாட்டி அபிகாயில் கழுதை மேல ஏறிப் போய் ஒரே பேச்சுல திருப்பி அனுப்பிடுறா. நானும்தான் காலையிலேருந்து பேசுறேன். எனக்கு ஏன் நடக்கலை?"

"போகும்போது என்ன எடுத்துட்டுப் போனீங்க?"

"என்னத்தை எடுத்துட்டுப் போக? நியாயத்தைத்தான்."

"அவ ரொட்டி எடுத்துட்டுப் போனா."

அம்மாள் எழுந்து உள்ளே போனார். மத்தியானத்துக்குக் காய்ச்சியிருந்த கஞ்சி அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மதுரத்தைப் பார்த்தார்.

"தாசன் வீட்டுக்கா?"

"கதவுக்கிட்ட நிக்கிறவங்களுக்கு."

"பொணத்தை மறிக்கிறவனுக்குச் சாப்பாடா?"

"அபிகாயில் யாருக்குக் கொண்டுபோனா?"

கத்தியோடு வந்தவர்களுக்குத்தான். மதுரம் இன்னொரு வளையத்தைப் பிடித்தார். அது சுட்டது. அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது.

கீழத்தெரு முனையில் திரும்பியதும் கம்புகள் தெரிந்தன. இருபது பேருக்குக் குறையாது. மதுரம் நடையைத் தளர்த்தினார். ஆனால் அம்மாளின் நடை நிற்கவில்லை.

கதவுக்கு முன்னால் அண்டாவை இறக்கினார்கள்.

"காலையிலேருந்து வெயில்ல நிக்கிறீங்க. குடிங்க."

யாரும் அசையவில்லை. அம்மாள் ஒரு குவளையில் மொண்டு ஞானாபரணத்திடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. அம்மாள் குவளையைத் தரையில் வைத்தார். அப்படியே அவர் முன்னால் மண்டியிட்டார்.

"உங்க அப்பாவை அடக்கம் பண்ணும்போது பாட்டை நிறுத்தாதது தப்பு. அந்தப் பழி என் மேல இருக்கட்டும். மன்னிச்சிருங்க ஐயா."

"எந்திரிங்கம்மா. நீங்க என்ன பண்ணுனீங்க?"

அம்மாள் எழுந்திருக்கவில்லை.

ஞானாபரணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாதிரி ஐயர் பண்ணுன ஜெபத்துல ஒரு சொல்லுகூட என் காதுல விழலை" என்றார். "பக்கத்துலதான் நின்னேன். ஒரு சொல்லுகூட."

"ஆமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மடியிலிருந்து சாவியை எடுத்துக் குவளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கதவுக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனார். கம்புக்காரர்களில் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் சாராபாயை அடக்கம் செய்தார்கள். ஞானாபரணம் வெளியே வரவில்லை. தாசன் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மதுரம் பொருமிக்கொண்டே வந்தார்.

"நீங்க அப்போ இந்த ஊருக்கே வரலை. அவன் செஞ்ச தப்புக்கு நீங்க எதுக்கு மண்டி போடணும்?"

"தப்பு செஞ்சவன் வரட்டும்னு உட்கார்ந்திருந்தா அந்தம்மா இன்னும் பந்தல்லயே கிடப்பாங்க."

"அப்போ தாசனை விட்டுடுறதா? நாளைக்கே போய் அவனை நாலு கேள்வி கேக்கப்போறேன்."

"போங்க."

மதுரம் நின்றுவிட்டார். சம்மதம் இவ்வளவு சுலபத்தில் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. "போய் அவன்கிட்ட என்ன கேக்கட்டும்?"

"ஒண்ணும் கேக்காதீங்க. கொஞ்ச நேரம் அவன்கூட உட்கார்ந்துட்டு வாங்க. அவனுக்கு அம்மா செத்துப்போயிருக்காங்க."