ஊசித்தும்பி ரெக்கையை மூடிய கதை

பூச்சியும் தவளையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலை ஓடையின் ஊசித்தும்பிகளும் பெரிய தட்டானைப் போலவே ரெக்கையை அகல விரித்துத்தான் உட்காரும். முட்டையையும் தண்ணீருக்கு மேலே, நாணல் தண்டில்தான் இடும்.

அங்கே ஓர் ஊசித்தும்பி இருந்தாள். புருஷனைக் குருவி கொத்திக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அவள் இட்ட முட்டைகள்தான். கரையில் கட்டெறும்புகள் சுற்றிக்கொண்டிருந்ததால் மூன்று நாளாக இரை தேடாமல் காவல் இருந்தாள். வயிற்றில் இன்னும் கொஞ்சம் முட்டை இருந்தது, அதை இடத்தான் உடம்பில் தெம்பில்லை.

பக்கத்துத் தண்டில் தட்டான் இருந்தான். பெரியப்பா மகன்.

"அண்ணே, ரெண்டு கொசு தின்னுட்டு ஓடி வந்துடறேன். கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?"

"போய்ட்டு வா தங்கச்சி. நான் இருக்கும்போது எவன் கிட்ட வருவான்?"

வாய்ச்சவடாலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை! அவள் அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. தட்டான் ஒரே பாய்ச்சலாகப் போய்விட்டான். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் திரும்பி வந்தபோது தண்டில் ஒரு முட்டைகூட இல்லை. கடைசி எறும்பு கரையேறிக்கொண்டிருந்தது.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்று பாறைமேல் இருந்த தவளையைக் கேட்டாள்.

"பார்த்தேன். எனக்கேன் வம்புன்னு இருந்துட்டேன்."

தட்டான் வயிறு புடைக்க வந்து, ரெக்கையை விரித்து உட்கார்ந்தான். "ஈசல் தினமுமா கிளம்புது தங்கச்சி? முட்டைதானே, இன்னொரு தடவை போட்டுக்கோ."

அவள் வெறும் தண்டில் உட்கார்ந்தபடி கத்தினாள்.

"தங்கச்சியா? இனி அந்த வார்த்தை உன் வாயில வரக்கூடாது! என் வயிறு எரியுது, நீ ஏப்பம் விடுறியா? உன் முன்னால இந்த ரெக்கை இனி விரியாது. என் பிள்ளைங்களை உங்க யார் கண்ணுலயும் காட்ட மாட்டேன்!"

நாலு ரெக்கையையும் முதுகின்மேல் சேர்த்து மூடினாள். நாணல் தண்டைப் பிடித்துத் தலைகீழாக இறங்கினாள்.

"ஐயோ, செத்துப்போவே!" என்று தவளை கத்தியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் தலைக்கு மேல் போனது. ஓடை இழுத்தது. பிடியை விடாமல், மிச்சமிருந்த முட்டைகளைத் தண்டைக் கீறி உள்ளே வைத்தாள். எந்த எறும்பும் அங்கே வரவில்லை.

அன்று முதல்தான் ஓடை ஊசித்தும்பி உட்கார்ந்ததும் ரெக்கையை மூடிக்கொள்கிறது, முட்டையிடத் தண்ணீருக்குள் இறங்குகிறது. தட்டானைப் பாருங்கள், இன்றைக்கும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் ரெக்கையை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.