திரைக்கு வெளியே நின்ற ‘மோசம்’

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம். இது சத்தமாச் சொல்ற கதை இல்ல.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில். அங்கே விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண்களிடம் சாப்பாடு எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லச் சொல்லி, மில்லுக்காரங்க சவரிமுத்துவை அனுப்பியிருந்தாங்க.

தெருத்தெருவா நடந்து, கதவைத் தட்டி, கேள்வி கேட்டே தலை நரைச்ச மனுஷன் அவர். இப்ப எல்லாம் போனுக்கு வந்துருச்சு. கேள்வியை அனுப்பினா பதில் தானா வந்து விழுது.

விழுந்த பதிலை எடுத்துக்கிட்டு ஜெயக்கொடி வீட்டுக்குப் போனார். வயசுல தங்கச்சி. போன்ல கேள்வி கேக்குற வித்தையை அவருக்குச் சொல்லிக் குடுத்தது அந்தம்மாதான். அதனால ‘டீச்சர்’னுதான் கூப்பிடுவார்.

“டீச்சர், அந்தப் பொம்பளைப் பிள்ளைங்க பொய் சொல்லுதுங்க.”

“என்னண்ணே பொய்?”

“சோத்தைக் கையால வழிச்சுக் குப்பையில கொட்டுதுங்க. என் கண்ணால பாத்தேன். முத்துமாரின்னு ஒரு பிள்ளை மெஷின் பக்கத்துலயே மயங்கி விழுந்துச்சு. ஆனா கேள்விக்கு எல்லாம் ‘மிக நன்று’, ‘மிக நன்று’ன்னு அழுத்தி வெச்சிருக்குதுங்க. இதை நம்பி வெள்ளிக்கிழமை அதே சமையல்காரனுக்கு இன்னொரு வருஷம் ஒப்பந்தம் எழுதிக் குடுக்கப் போறாங்க.”

ஜெயக்கொடி எழுந்து அடுப்படிப் பக்கம் போனாங்க.

“சாப்பிட்டுப் போங்க. இன்னைக்கு வீட்ல விசேஷம்.”

இலை போட்டாங்க. உப்பு, ஊறுகாய்னு தொடங்கி, பொரியல், கூட்டு, சோறு, பருப்பு, பாயசம் வரைக்கும் வந்துருச்சு. சவரிமுத்து கை கழுவிட்டு வந்து உக்காந்தார்.

அந்தம்மா ஒரு முறத்தை எடுத்து இலை மேல கவுத்தாங்க.

இடது மூலை மட்டும் வெளிய தெரிஞ்சது.

“சாப்பாடு எப்படிண்ணே?”

“சோறு எங்கம்மா?”

“கண்ணுக்குத் தெரியறதுல எது பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க.”

“உப்பும் ஊறுகாயும்தான் தெரியுது.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பின்னால ஆள் நிக்குது.”

“…ஊறுகாய்.”

“விருந்துலயே அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சது ஊறுகாய்.” காத்துல விரலால எழுதிக்கிட்டாங்க.

“என்னம்மா விளையாட்டு இது? பசிக்குது.”

“கேள்வியை எதுல செஞ்சீங்க?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான். அழகா கட்டம் போட்டு…”

பாதியில நிறுத்திட்டார்.

போனை எடுத்தார். தான் அனுப்பின கேள்வியைத் தன் போன்ல அப்பத்தான் முதல் தடவையாத் திறந்தார்.

‘மிக நன்று’ தெரிஞ்சது. ‘நன்று’ தெரிஞ்சது. அத்தோட திரை முடிஞ்சுபோச்சு.

விரலால பக்கவாட்டுல இழுத்துப் பார்த்தார். ‘சுமார்’ வந்தது. இன்னும் இழுத்தார். ‘மோசம்’ கடைசியில ஒளிஞ்சு நின்னது.

“தள்ளினா வருதே, டீச்சர்.”

“முறத்தைத் தள்ளினாலும் சோறு வரும்.”

முறத்தை எடுத்துட்டாங்க. எடுத்தும் அவருக்குச் சோறு இறங்கல.

மறுநாள் கேள்வியை மாத்திக்கிட்டுத் திரும்ப வந்தார். ஒரு திரைக்கு ஒரு கேள்வி. பதிலெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, படிக்கட்டு மாதிரி.

“இப்ப சரியா, டீச்சர்?”

“என்கிட்ட ஏண்ணே கேக்குறீங்க? அந்தப் பிள்ளைங்களோட உக்காந்து, அதுங்க சோத்தைத் தின்னுட்டு, அதுங்க போன்ல பாருங்க.”

போனார். சாப்பாட்டுக் கூடத்துல ஓரமா ஒரு தட்டோட உக்காந்தார். முதல் வாய் வெச்சதும் கண்ணை மூடினார். இருந்தாலும் முழுங்கினார்.

எதிர்ல முத்துமாரி. கண்ணாடி கீறல் விட்ட போன். வலது கையில சாம்பார், இடது கைக் கட்டை விரல்தான் மிச்சம்.

“கொஞ்சம் இதைப் பாரும்மா.”

பார்த்தாள். போனைச் சட்டுனு தரையைப் பாக்கக் கவுத்து வெச்சிட்டாள்.

“என்னம்மா?”

“எடுத்ததும் பேரைக் கேக்குதே. வார்டன் பாத்தா என் கதி?”

“எல்லாக் கேள்வித்தாள்லயும் முதல்ல பேர்தாம்மா.”

“நீங்க வீட்டுக்குப் போயிருவீங்கண்ணே. நாங்க இங்கதான இருக்கணும்.”

அங்கயே உக்காந்து பேர் கேக்குறதை எடுத்துட்டார். ஆளைக் காட்டிக் குடுக்கிற டோக்கன் நம்பரையும் எடுத்தார்.

பக்கத்துப் பிள்ளை எட்டிப் பாத்துச்சு. “விரிவா எழுதவும்னு போட்டிருக்கே? எச்சிக் கையோட எழுத்து அடிக்கவா? சங்கு ஊதிரும்ணே, ஷிப்டுக்கு ஓடணும்.”

அதையும் எடுத்தார்.

“இன்னும் எவ்வளவு தூரம் போகணும் இதுல?” முத்துமாரி கேட்டாள்.

எடுத்து எடுத்து, கடைசியில ‘சாப்பாடு எப்படி?’ன்னு ஒரே கேள்விதான் நின்னது. கீழ பெரிசு பெரிசா பதில். கட்டை விரல் அகலத்துக்கு.

முத்துமாரி அழுத்தினாள். அவரைப் பார்த்துச் சிரிச்சாள். “இவ்வளவுதானா? இதை முன்னாடியே கேக்குறதுக்கென்ன?”

அன்னைக்கிலிருந்து தினமும் அங்கதான் மதியச் சோறு அவருக்கு. ஒவ்வொரு பிள்ளை போன்லயும் சரியாத் திறக்குதான்னு பார்த்துக்கிட்டே இருந்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல கேள்வியை எல்லாருக்கும் அனுப்பினார். சங்கு ஊதுறதுக்குள்ள பதில் வந்து குவிஞ்சிருச்சு.

நேரா மேனேஜர் அறைக்குப் போனார். ஒப்பந்தத் தாள் மேசை மேல இருந்தது. மேனேஜர் கையில பேனா திறந்திருந்தது.

“என்னய்யா இது? போன தடவை மிக நன்று, இந்தத் தடவை மோசமா? எது பொய்?”

“பிள்ளைங்க பொய் சொல்லலைங்க. முதல்ல நான் கேட்ட விதம் சரியில்ல.”

“பேர் ஒண்ணையும் காணோமே?”

“கேக்கலைங்க.”

“பேரில்லாதவன் பேச்சை நான் எப்படிய்யா நம்புறது? மோசம்னு அழுத்தின ஒரு ஆள் பேரையாவது சொல்லு. இல்லைன்னா கையெழுத்தைப் போட்டுருவேன்.”

சவரிமுத்துவுக்கு முத்துமாரி பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிட்டார்.

“ஒரு ஆள் போதுங்களா?”

“போதும்.”

“சவரிமுத்துன்னு எழுதிக்கங்க.”

“நீயா? உனக்கென்னய்யா தெரியும் அந்தச் சோத்தைப் பத்தி?”

“தினமும் மதியம் நான் அங்கதானுங்க சாப்…”

பேச்சு பாதியில நின்னுபோச்சு. நெத்தியில வேர்வை பூத்தது.

“என்னய்யா, சொல்லு.”

“சார், இங்க கக்கூஸ் எந்தப் பக்கம்?”

மேனேஜர் பேனாவாலயே திசையைக் காட்டினார். சவரிமுத்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினார்.