எருமை தேடிய வளை

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று ஒரு பழமொழி உலவுகிறது. குழந்தைகளே, இது பெரும் பிழை. பூனை யாரையும் பார்த்து எதையும் செய்யாது. அதற்கு அவ்வளவு அக்கறை கிடையாது. சூடு போட்டுக்கொண்டது ஓர் எருமை. அது பார்த்ததும் புலியை அல்ல, கீரியை.

ஒரு காட்டில் கோடை முற்றியிருந்தது. வற்றாமல் மிஞ்சிய ஒரே மடுவின் கரையில் புலி படுத்துக்கொண்டு, "இனி இது என் தண்ணீர்" என்றது. எருமைகளும் கீரிகளும் கிளர்ந்தெழுந்தன.

எருமைகள் வெட்டவெளியில் வட்டமாக நிற்கும். கன்றுகள் நடுவில், கொம்புகள் வெளியே. அப்படியே மெல்ல மெல்ல மடுவை நோக்கி நகரும். கீரிகளோ புதரிலிருந்து பாய்ந்து புலியின் வாலைக் கடித்துவிட்டு வளைக்குள் மறைந்துவிடும்.

புலி தூக்கம் கெட்டுத் திரிந்தது. காடெங்கும் கீரிகளைப் பற்றிய பேச்சுதான். எருமைத் தலைவன் கருங்கொம்பனுக்கு அது பொறுக்கவில்லை. இங்கே கன்றுகளுக்கு நாக்கு வறள்கிறது. அங்கே ஒரு சாண் பயல்களுக்குப் புகழ்.

"இனி நாமும் கடித்துவிட்டு ஓடுவோம்" என்றான்.

"எங்கே ஓடுவீர்கள்?" என்று கேட்டாள் அவன் மனைவி நீலி.

"கீரி ஓடுகிற இடத்துக்கு."

இதைக் கேள்விப்பட்டு வந்த கீரித் தலைவன் வெடுக்கன் சொன்னான்: "அண்ணே, எங்களுக்குக் கொம்பு இல்லை, ஓடுகிறோம். உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"புகழைப் பங்கு போட மனசில்லை. அப்படித்தானே, தம்பி?"

மறுநாள் கருங்கொம்பன் வட்டத்தை விட்டுத் தனியே போனான். உறங்கிய புலியின் வாலைக் கடித்தான். எருமைக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"யாரடா அது, என் வாலைச் சப்புகிறவன்?" என்று எழுந்தது புலி.

கருங்கொம்பன் ஓடினான். கண்ணில் பட்ட முதல் வளைக்குள் தலையை நுழைத்தான். மூக்கு உள்ளே போயிற்று, கொம்பு வேரில் மாட்டிக்கொண்டது.

"அண்ணே, வாசலை அடைக்கிறீர்கள்" என்றான் உள்ளே இருந்த வெடுக்கன்.

"பேசாதே. மறைந்திருக்கிறேன்."

"மறைந்திருப்பது மூக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் புலியின் பார்வைக்கு விருந்து."

புலி நெருங்கியது. தூரத்திலிருந்து பார்த்த நீலி, "வட்டம்" என்று ஒரே சொல் சொன்னாள். மந்தை புழுதி பறக்க வந்து, தலைவனைக் கன்றுகளோடு நடுவில் வைத்து, கொம்புகளை வெளியே நீட்டி நின்றது. புலி தயங்கியது.

அதற்குள், வாசல் அடைபட்ட கீரிகள் வளையின் பின்பக்கத்தைத் தோண்டி, புலியின் முதுகுப் பக்கமாக வெளியே வந்தன. முன்னால் கொம்பு, பின்னால் பல். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத புலி, அன்றே மலை தாண்டிப் போய்விட்டது.

மாலையில் கன்றுகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. கருங்கொம்பனும் குடித்தான், கொம்பில் வேரோடு.

அன்றிலிருந்து கீரிகள் வளைக்கு இரண்டு வாசல் வைக்கின்றன.

நீதி: அடுத்தவன் ஓடுவதைப் பார்த்து ஓடாதே, அவன் ஓடிப் புகும் வளை உன் உடம்புக்கு அளவா என்று முதலில் பார்.