காளான் குழம்பும் கடைசி வெற்றிலையும்

இந்தக் கதையை நான் நேரில் பார்த்தவன் இல்லை. பார்த்தவரிடம் கேட்டவனும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், தன் மாமனார் சொன்னதாகச் சொன்னார். மாமனாருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. ஆகையால் கதையில் வரும் ராஜாவின் பெயரில் தவறிருந்தால் பழி அந்த மாமனாருக்கு. மற்ற தவறுகள் எனக்கு.

கரடிமலை என்றொரு சிற்றரசு. ராஜா பெயர் வீரகண்டப்பர். பட்டம் பெரியது, நாடு சின்னது. கோட்டைச் சுவரில் ஏறி நின்று தும்மினால் பக்கத்து நாட்டுக்காரன் ‘நூறு’ என்பான்.

அந்தச் சபையில் ஓலை வாசிக்கும் வேலை பேச்சிமுத்துவுக்கு. செக்காட்டியின் மகன். அவன் வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள். படிப்பு வந்ததே தவிர, கூடவே தைரியம் வரவில்லை. சபையில் வாயைத் திறப்பதற்குமுன் அவன் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேசிக்கொள்ளும்.

சபை முடிந்ததும் தாம்பூலம் கொடுப்பது வழக்கம். வெள்ளித் தட்டு முதலில் ராஜாவிடம் போகும். அடுத்துப் பிரதானி அம்பலவாணரிடம். அப்படியே இறங்கி இறங்கிப் பேச்சிமுத்துவிடம் வரும்போது காம்பும் சுண்ணாம்பும்தான் மிச்சம் இருக்கும். அதையும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ‘நமக்கும் வருகிறதே’ என்று பெருமை வேறு.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்து நாட்டு ராஜா ஒரு கூடை காளான் பரிசாக அனுப்பினான். போன கோடையில்தான் அவனோடு சண்டை போட்டு ஏரியைப் பிடுங்கியிருந்தார் நம் ராஜா. ஆனாலும் என்ன, காளான் என்றால் அவருக்கு உயிர். மிளகு அரைத்துவிட்டுக் குழம்பு வைக்கச் சொன்னார்.

ராஜா சாப்பிடுமுன் ருசி பார்க்க அரண்மனையில் ஓர் ஆள் உண்டு. அவர் கூடையைப் பார்த்தார். யார் அனுப்பியது என்று கேட்டார். “கொல்லைப்பக்கம் போய்விட்டு வருகிறேன்” என்றார். வரவே இல்லை.

குழம்பின் மணம் சபைக்கே வந்துவிட்டது. ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

“இப்போது யார் ருசி பார்ப்பது?”

பிரதானி எழுந்தார். “இதற்கென்ன யோசனை மகாராஜா? உயிர்களில் உயர்ந்தது உண்டு, தாழ்ந்தது உண்டு. தாம்பூலத் தட்டு எந்த வரிசையில் போகிறதோ, அதுதான் உயிரின் வரிசை. போனாலும் நஷ்டமில்லாத உயிர் எது? கடைசி வெற்றிலை வாங்குகிற உயிர்!”

எல்லாத் தலைகளும் பேச்சிமுத்து பக்கம் திரும்பின. அவனும் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் தூண்தான் இருந்தது.

“என்னடா பேச்சிமுத்து, சம்மதமா?” என்றார் ராஜா.

‘இல்லை’ என்று சொல்லத்தான் நினைத்தான். பழக்க தோஷம், “உத்தரவு மகாராஜா” என்று வந்துவிட்டது. ஒரு கிண்ணம் குழம்பும் வந்துவிட்டது. ஆவி பறந்தது. உள்ளே ஒரு காளான் அவனையே பார்ப்பது போல் மிதந்தது. உயிர்பயத்தில்தான் அவனுக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும்.

“ஒரே ஒரு சந்தேகம் மகாராஜா. நான் தாழ்ந்த உயிர். சரிதான், என் வீட்டிலேயே அப்படித்தான் சொல்வார்கள். பஞ்சத்தில் புளியங்கொட்டையைத் தின்று செரித்த வயிறு இது. இந்தக் குழம்பைக் குடித்துவிட்டு நான் குத்துக்கல்லாக நின்றால் என்ன தெரியும்? செக்காட்டி மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். உயர்ந்த உயிருக்கு என்ன ஆகும் என்று எப்படித் தெரியும்? பொன்னை மாற்றுப் பார்க்கப் பித்தளையையா உரைப்பார்கள்?”

ராஜா மீசையை நீவினார். “அதுவும் சரிதானே! அப்படியானால் என் உயிருக்கு அடுத்த உயிர்தான் ருசி பார்க்கவேண்டும்.” தாம்பூலத் தட்டு போகிற வழியைக் கண்ணால் பின்தொடர்ந்தார். கண் பிரதானியிடம் போய் நின்றது.

கிண்ணமும் இடம் மாறியது.

“எனக்கு… எனக்குக் காளான் ஒத்துக்கொள்ளாது மகாராஜா.”

“ருசிதானே பார்க்கச் சொல்கிறேன்? சும்மா ஒரு வாய்.”

பிரதானியின் நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோனார். சட்டென்று கீழே வைத்தார்.

“மகாராஜா! யோசித்துப் பார்த்தேன். உயிரில் ஏது உயர்வு தாழ்வு? எல்லா உயிரும் ஒன்றுதான்!”

பேச்சிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். அங்கேதான் அவசரப்பட்டான்.

“ஒன்றுதானா? அப்படியானால் உன் வயிறும் என் வயிறும் ஒன்று. நீயே குடிக்கலாமே பேச்சிமுத்து” என்றார் ராஜா.

சத்தியமாக இதை அவன் யோசிக்கவில்லை. கிண்ணம் திரும்பி வந்தது. அந்தக் காளான் ‘நலமா?’ என்று கேட்பது போலிருந்தது. முழங்கால்கள் தீவிரமாகக் கலந்து பேசின. அவை என்ன முடிவு செய்தனவோ, அவனைத் தள்ளிக்கொண்டு சிங்காசனத்தின் முன்னால் போய் நின்றன. அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் ராஜாவிடம் நீட்டினான்.

“என்னடா இது?”

“எல்லா உயிரும் ஒன்றென்றால் யார் ருசி பார்த்தாலும் ஒன்றுதானே? மகாராஜாவே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள். நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.”

 பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு, கழுமரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

முதலில் ராஜாவின் மீசை ஆடியது. பிறகு தொந்தி. பிறகு சிங்காசனமே ஆடியது. அப்படியொரு சிரிப்பு.

“கொண்டுபோய்க் குழியில் கொட்டுங்கள் அந்தக் குழம்பை! எனக்கு மோர்ச்சோறு போதும். ருசி பார்க்கிற வேலையும் இன்றோடு ஒழிந்தது.”

அன்று தாம்பூலத் தட்டு கடைசியிலிருந்து புறப்பட்டது. முதல் வெற்றிலை பேச்சிமுத்துவுக்கு. முழு வெற்றிலையில் எவ்வளவு சுண்ணாம்பு தடவுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நாக்கு வெந்து, மூன்று நாள் ஓலை வாசிக்க முடியாமல் வீட்டில் கிடந்தான்.

கதை இவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. தாவரவியல் படித்த தோழி ஒருத்தியிடம் நச்சுக் காளான்களைப் பற்றிக் கேட்டேன். அவள் சொன்னதைச் சரிபார்க்க நூலகத்துக்கும் போனேன் (அவளிடம் சொல்லிவிடாதீர்கள்). அவள் சொன்னது சரி. கொடிய காளான்கள் சிலவற்றின் நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. தின்ற ஆளை அது உடனே ஒன்றும் செய்வதுமில்லை. பல மணி நேரம் ஆள் தெம்பாகவே நடமாடுவார், பிறகுதான் விழுவார். கூடையில் இருந்தது அந்த வகை என்றால், ருசி பார்த்தவர் நன்றாக நிற்பதைப் பார்த்துவிட்டு ராஜாவும் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார்.