ஊசிப்பாறையின் பரீட்சைக் குழாய்

ஊசிப்பாறை தொழிற்பயிற்சி நிலையத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. செலவு செய்தால்தானே குறையும்! அதிலும் பிளம்பிங் வாத்தியார் வேல்மயில் சொட்டுக்கூடச் செலவு செய்யாமல் அப்படியே சேர்த்து வைத்திருந்தார்.

பாவம், மனுஷனுக்கு ஒரே கவலை. பல வருஷமாய்த் தற்காலிக வேலை. வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்போம் என்று பெண்வீட்டார் கறாராய்ச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்தது. மாணவர்களின் தொழில்திறனைச் சோதிக்க ஒரு தேர்வு தயாரிக்க வேண்டும். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இம்மியளவும் மாறக் கூடாது. அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தால் வாத்தியார்களுக்கு வேலை நிரந்தரம்.

வேல்மயில், தையல் டீச்சர் பவுனம்மாள், எலக்ட்ரிக்கல் வாத்தியார் சூசையப்பன் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சட்டை தைக்கச் சொல்லலாம்," என்றார் பவுனம்மாள். "ஆனா ஒருத்தி ஒல்லி ஆளுக்குத் தைப்பா, இன்னொருத்தி குண்டு ஆளுக்குத் தைப்பா. அது எப்படி சார் ஒரே பரீட்சையாகும்?"

"எல்லாரும் என் உடம்புக்கே தைக்கட்டும்," என்றார் சூசையப்பன். தங்கமான மனசு.

அளவெடுத்தார்கள். மத்தியானம் அவர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார். சந்தேகத்துக்கு மறுபடி டேப்பைச் சுற்றிப் பார்த்த பவுனம்மாளுக்குப் பகீரென்றது.

"ஐயையோ, பரீட்சை மாறிப்போச்சு!"

அன்றிலிருந்து சூசையப்பன் வாயைத் திறந்தாலே டீச்சர் டேப்போடு ஓடி வருவார். இடுப்பு இளைத்திருந்தால் ஒரு இட்லி. பெருத்திருந்தால் அதுவும் கிடையாது.

அடுத்தது பிளம்பிங். வாசல் பக்கம் ஒரு குழாய் ரொம்ப நாளாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதுதான் பரீட்சை என்றார் வேல்மயில். முதலில் மாரிக்கனி வந்தாள், கெட்டிக்காரப் பெண். வாஷரை மாற்றினாள், ஸ்பானரால் இறுக்கினாள், கும்பிட்டுவிட்டு ஒதுங்கினாள். குழாய் கப்சிப்.

அடுத்த பையன் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சார், இதுல எதைச் சரிபண்ணணும்?"

மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டது. மறுபடி கதவைச் சாத்தினார்கள்.

"அவளுக்கு ஒழுகுற குழாய், இவனுக்கு ஒழுகாத குழாய். உத்தரவு என்ன சொல்லுது?" என்று கேட்டார் வேல்மயில்.

"இம்மியளவும் மாறக் கூடாது," என்றார் பவுனம்மாள்.

"மாத்தினது யாரு?"

"மாரிக்கனி," என்றார் சூசையப்பன் பசிக்குரலில்.

"அப்போ பரீட்சையைக் கெடுத்தது அவதான்."

வேல்மயிலுக்கு மனசே ஆறவில்லை. அவர் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை. என்ன செய்ய, நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! மாரிக்கனி பெயில்.

"சார், ஒழுகுறதை நிறுத்தத்தானே படிச்சேன்?" என்றாள் அவள்.

"படிப்பு வேற, பரீட்சை வேறம்மா," என்றார் வேல்மயில் அன்பாக.

தேய்ந்த வாஷரைக் குப்பையிலிருந்து பொறுக்கி மாட்டி, குழாயைப் பழையபடி சொட்ட வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் விவரமானவர்கள். குழாயைத் தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பேரும் பாஸ்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நல்ல பசி அவருக்கு. மேசையில் சுடச்சுட மெதுவடை வேறு.

"தேர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே?"

"இம்மி மாறாது சார்," என்றார் வேல்மயில். "யாராயிருந்தாலும் ஒரே சட்டம்தான்."

"பேஷ், பேஷ்!" என்று ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார் அதிகாரி. வேல்மயில் காதில் கெட்டிமேளம் கேட்டது.

அதிகாரி வடையை ஒரு கை பார்த்தார். சூசையப்பன் எச்சில் விழுங்கினார். அதற்கும் டீச்சர் டேப்பை எடுத்தார். கை கழுவக் குழாயடிக்குப் போன அதிகாரி, கழுவி மூடிய பிறகும் அது சொட்டுவதைப் பார்த்தார்.

"என்னய்யா இது, பிளம்பிங் சொல்லித்தர்ற இடத்துலயே குழாய் ஒழுகுது!"

வேல்மயில் ஓடி வருவதற்குள் அதிகாரி ஜீப் டிரைவரிடம் ஸ்பானரை வாங்கி ஒரே முறுக்கு. சொட்டு நின்றுவிட்டது.

வேல்மயில் வந்து நின்றார். கையில் ஒப்புதல் தாள், கண்ணுக்குள் கல்யாணப் பந்தல், எதிரே குழாயடியில் மறுபரீட்சைக்கு வந்திருந்த மாரிக்கனி. அந்தப் பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"சார்," என்றார் கண் கலங்க, "நீங்க பெயில்."

"என்னது?"

"எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா சார்?" ஒப்புதல் தாளை இரண்டு கையாலும் மரியாதையாய்த் திருப்பிக் கொடுத்தார். "பெயிலானவங்க கையெழுத்தை நாங்க எப்படி ஏத்துக்கிறது? பாஸ் பண்ணிட்டு வந்து போடுங்க சார்."

அதிகாரி ஒரு கையிலிருந்த தாளையும் மறு கையிலிருந்த ஸ்பானரையும் மாறி மாறிப் பார்த்தார். மாரிக்கனிக்கு அவரைப் பார்க்கப் பாவமாய் இருந்தது. கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"மறுபரீட்சைக்கு எனக்கு அடுத்து நீங்க சார். ஸ்பானரை மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்க, ஈஸியா பாஸாயிரலாம்."